'தலைக்குள் இருக்கும் ஆண்' – பாலியற் கல்வி ஆய்வொன்று குறித்துச் சில சிந்தனைகள்

பாலியற் கல்வி பற்றி எழும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே சுழல்வன. இளையோருக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதே அவ்வினா. சொல்ல வேண்டும் என்போரும் சொல்லலாகாது என்போரும் அடிப்படையில் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். சொல்லப்படுவது அறிவு, அவ்வறிவு நடத்தையை மாற்றிவிடும் என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. ஒரு சாரார் அம்மாற்றத்தை வேண்டுகின்றனர். மறுசாரார் அதற்கு அஞ்சுகின்றனர். 1987ஆம் ஆண்டில் எயிட்ஸ் நோய் தொடர்பாகப் பிரித்தானிய அரசு நடத்திய பிரசாரம் இவ்வெண்ணத்தின் மிகத் தெளிவான வெளிப்பாடு எனலாம். வீடுதோறும் துண்டுப்பிரசுரம் அனுப்பப்பட்டது. தொலைக்காட்சியிற் கல்லறைக்கல் காட்டப்பட்டது. அறியாமையால் மடிந்துவிடாதீர்கள் என்னும் பொருள்பட அதன் மகுட வாசகம் அமைந்தது. அதாவது, நோய்க்குக் காரணம் அறியாமை, மருந்து தகவல்.

இந்த எண்ணத்தின் வேரையே தொட்ட ஆய்வொன்று அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கியது. ஜனற் ஹொலண்ட், கரொலின் ரமஸானோக்லு, சூ ஸ்கொட், சூ ஷார்ப், றேச்சல் தொம்சன் ஆகிய ஐந்து பெண் ஆய்வாளர் 1988 முதல் 1990 வரை இலண்டனிலும் மஞ்செஸ்ரரிலும் பதினாறு முதல் இருபத்தொரு வயது வரையான 148 இளம் பெண்களுடன் நீண்ட நேர்காணல்களை நடத்தினர். பின்னர் 1991–92 காலப்பகுதியில் இலண்டனில் 46 இளம் ஆண்களுடனும் இத்தகைய நேர்காணல்கள் இடம்பெற்றன. இவ்விரு ஆய்வுகளின் பேறாக, சூ ஸ்கொட் நீங்கலாக ஏனைய நால்வரின் பெயரில் 1998இல் வெளிவந்த நூலே 'தலைக்குள் இருக்கும் ஆண்' எனப் பொருள்படும் தலைப்பினையுடையது. நூல் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் பாலியற் கல்வி பற்றிப் பேசப்படும் போதெல்லாம் எழும் ஒரு சிக்கலை அது எதிர்கொண்ட முறையும், எதிர்கொள்ளாது விட்ட முறையும் இன்றும் ஆராயத்தக்கனவே.

இவ்வாய்வு நடந்த அதே காலத்திற் பிரித்தானிய மக்களின் பாலியல் நடத்தை பற்றிய பெரும் அளவுசார் ஆய்வொன்றும் திட்டமிடப்பட்டது. 1989இல் தச்சர் அரசு அதற்கு நிதி வழங்க மறுத்தமையும், பின்னர் வெல்கம் அறக்கட்டளையின் உதவியுடன் 1990–91இல் ஏறத்தாழப் பத்தொன்பதாயிரம் பேரிடம் அது நடத்தப்பட்டமையும் பலர் அறிந்தவை. எத்தனை பேர், எவ்வயதில், எத்தனை முறை என்பன அவ்வாய்வின் வினாக்கள். தேவையான வினாக்கள்தாம். ஆனால் ஆணுறை பற்றி நன்கு அறிந்த ஒரு பெண், அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவும், அதை ஏன் கேளாது விட்டாள் என்பதற்கு வினாக்கொத்திற் கட்டம் இல்லை. அதற்கு அவள் பேச வேண்டும். பேச்சின் தயக்கங்களும் முன்னுக்குப்பின் முரணான கூற்றுகளும் இடையிற் சிரித்து மழுப்பும் இடங்களும் கூடச் சான்றுகளாகக் கொள்ளப்பட வேண்டும். பண்புசார் ஆய்வு என்பதன் நியாயம் இதுவே. எண்களுக்கு அஞ்சி நிதியை மறுத்த அரசின் காலத்திலேயே, பொதுப்பணத்தில் இயங்கிய சமூக ஆய்வு மன்றமொன்றின் நிதியில் இந்த 148 கதைகள் பதிவாகின என்பது சுவையான முரண்.

1990இல் இக்குழுவினர் வெளியிட்ட கட்டுரையொன்றின் தலைப்பே அரசின் வாசகத்துக்கு எள்ளலான மறுமொழியாக அமைந்தது. அறியாமையால் மடியாதே என்கிறது அரசு. வெட்கத்தாலேயே செத்துவிடப் பார்த்தேன் என்கிறாள் பெண். நேர்காணல்கள் காட்டிய உண்மையின் சாரம் இதில் அடங்கியுள்ளது. ஆணுறை என்பது இறப்பர்ப் பொருள் மாத்திரமன்று. அது ஒரு கூற்று. முன்கூட்டியே அதை வைத்திருப்பவள் 'அப்படிப்பட்டவள்' எனப் பெயரெடுப்பாள். நெடுநாட் காதலனிடம் அதைக் கேட்பவள் அவனை நம்பவில்லை என்று சொன்னவளாவாள். உறவு உறுதிப்பட்டதும் ஆணுறையை விட்டு மாத்திரைக்கு மாறுவதே நம்பிக்கையின் அடையாளமாகப் பலரால் விளக்கப்பட்டது. நோயினின்றும் காக்கும் பொருள் காதலுக்கு எதிரான சாட்சியாக மாறும் இந்த இடத்தில் எத்துண்டுப்பிரசுரமும் பயனற்றுப்போதல் இயல்பே.

ஆய்வாளர் இதனை விளக்க அறிவுநிலை வலு, அனுபவநிலை வலு என்றொரு வேறுபாட்டை முன்வைத்தனர். தனது உடல் தனக்குரியது என்பதை ஒரு பெண் உறுதியாக அறிந்திருக்கலாம். அதை வாதிட்டு நிறுவவும் கூடும். ஆயினும் தனியறையில், அன்புக்குரிய ஒருவனின் முன், அவ்வறிவு செயலாக மாறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கல்வி பற்றிச் சிந்திப்போர் அனைவரும் மனங்கொள்ளத்தக்க வேறுபாடு இது. இந்நூலின் நிலைத்த பங்களிப்பு யாதெனில் இதனையே முதலிற் சுட்டவேண்டும்; நூலுக்குத் தலைப்பளித்த கோட்பாடு இதற்கு அடுத்தபடியே வைக்கத்தக்கது.

சொற்கள் பற்றிய பகுதியும் குறிப்பிடத்தக்கது. அப்பெண்கள் பாடசாலையிற் கற்றது இனப்பெருக்கம். தெருவிற் கேட்டது வசை. இரண்டுக்கும் இடையில், ஒருவனிடம் 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று சொல்வதற்கான மொழி அவர்களிடம் இருக்கவில்லை. இந்நூலைத் தமிழில் விளக்க முற்படுவோரும் இவ்விடத்தில் தடுமாறவே செய்வர். தமிழிலும் ஒருபுறம் பாடநூலின் மருத்துவச் சொற்கள். மறுபுறம் வாயெடுத்துச் சொல்லவியலாத சொற்கள். களவையும் கற்பையும் இலக்கணமாக வகுத்த மொழியின் நிலை இது. அவ்விலக்கணமும் ஒன்றை நுட்பமாக உணர்ந்திருந்தது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னிலையில் தானே எடுத்துரைத்தல் இல்லை எனத் தொல்காப்பியக் களவியல் கூறும். ஈண்டு மறுக்கப்படுவது வேட்கை அன்று, அதன் கூற்றே. வேட்கை உண்டு, குறிப்பால் அது புலப்படும், ஆனால் வாய்மொழியாக வெளிப்படுதல் மரபன்று. பேச்சின்மையும் வேட்கையின்மையும் ஒன்றல்ல என்னும் இத்தெளிவு மஞ்செஸ்ரர் நேர்காணல்களை வாசிப்பதற்கும் வேண்டப்படுவதே.

இனி நூலின் மையக் கோட்பாட்டுக்கு வரலாம். ஆண், பெண் இருபாலாரும் தத்தம் பாலியல் வாழ்வை ஒரே கண்ணால் நோக்குகின்றனர். அக்கண் ஆணுடையது என்பது ஆசிரியரின் முடிபு. பெண்ணின் தலைக்குள்ளும் ஆண் இருக்கிறான். ஆணின் தலைக்குள்ளும் அவனே இருக்கிறான். அவனுக்கு நிகரான பெண்ணொருத்தி எவர் தலைக்குள்ளும் இல்லை. முதற் புணர்ச்சி பற்றிய கதைகளை ஒப்பிடும் பகுதியில் இவ்வாதம் மிக வலிமையுடன் வெளிப்படுகின்றது. ஆணுக்கு அது ஓர் ஈட்டம். அதனால் அவன் ஆணாகிறான். பெண் கூறும் கதையிலும் நிகழ்ச்சியின் நாயகன் அவனே: அவன் என்ன எண்ணினான், அவனுக்குத் திருப்தியா, பின்னர் யாரிடம் என்ன சொல்வான். தன் கதையிலேயே அவள் துணைப்பாத்திரமாகி நிற்கும் அவலத்தை ஆசிரியர் எடுத்துக்காட்டும் முறை எளிதில் மறக்கக்கூடியதன்று.

ஆனால் இவ்வலிமையே நூலின் பெருஞ் சிக்கலுக்கும் தோற்றுவாய். ஒரு பெண் 'நான் விரும்பவில்லை, ஆனாலும் இணங்கினேன்' என்று கூறுமிடத்து அவள் சொல் சான்றாக ஏற்கப்படுகின்றது. மற்றொருத்தி 'நான் விரும்பினேன், மகிழ்ந்தேன்' என்று கூறின் அது யார் குரல்? தலைக்குள் இருக்கும் ஆணே அவ்வாறு பேசுகிறான் என்று கொள்வதைத் தடுப்பதற்குக் கோட்பாட்டில் எதுவுமில்லை. பெண்களின் வார்த்தையை நம்பிச் செவிமடுப்பதற்கென வகுக்கப்பட்ட முறையொன்று, அவ்வார்த்தை அவர்களுடையதல்ல என்னும் முடிபில் வந்து நிற்கின்றது. மாக்சிய விமர்சனத்திற் போலிப் பிரக்ஞை பற்றிய விவாதங்களை அறிந்தோருக்கு இது புதிய பொறியன்று. எந்தக் கூற்றாலும் பொய்ப்பிக்க முடியாத கோட்பாடு எல்லாக் கூற்றுகளையும் விளக்கிவிடும். ஆகவே எதையும் வேறுபடுத்திக் காட்டாது.

ஆசிரியர்கள் இதனை உணராதவர்களல்லர். ஹொலண்டும் ரமஸானோக்லுவும் 1994இல் எழுதிய கட்டுரையொன்றில், நேர்காணலிலிருந்து முடிபுக்குச் செல்லும் வழியில் ஆய்வாளரின் அதிகாரம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை மிகுந்த நேர்மையுடன் ஆராய்ந்துள்ளனர். வியாக்கியானம் இன்றி ஆய்வில்லை என்பதும் சரியே. ஆயினும் அக்கட்டுரையின் தயக்கம் நான்கு ஆண்டுகளின் பின் வந்த நூலின் தலைப்பில் இல்லை. அத்தலைப்பு ஒருமையிற் பேசுகின்றது. வகுப்பாலும் இனத்தாலும் வேறுபட்ட பெண்களைத் தேடித் தெரிந்த ஓர் ஆய்வின் இறுதியில், எல்லோர் தலையிலும் ஒரே ஆண் வீற்றிருப்பதாகக் காட்டப்படுகின்றான். ஆண்கள் பற்றிய முடிபுகளோ இலண்டனைச் சேர்ந்த 46 பேரின் கூற்றுகளில் தங்கியுள்ளன. இவ்விளைஞரின் அச்சங்களையும், நண்பர் முன் வீரம் பேசித் தனிமையில் நடுங்கும் நிலையையும் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்; ஆனால் கோட்பாட்டின் சுமையைத் தாங்கும் அளவுக்கு அக்குரல்கள் விரிவாகக் கேட்கப்படவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் வெளிவந்த மற்றொரு ஆய்வை அருகில் வைத்து நோக்குதல் பயன்தரும். மிசேல் பைன் 1988இல் எழுதிய கட்டுரை நியூயோர்க் நகரின் பொதுப் பாடசாலையில் ஓராண்டு காலம் அவதானித்ததன் பயன். வகுப்பறையிற் பாலியல் என்பது வன்முறையாகவும், பெண் பலியாகும் நிகழ்வாகவும், தனிமனித ஒழுக்கமாகவுமே பேசப்பட்டது; வேட்கை முணுமுணுப்பாக மாத்திரமே கேட்டது என்கிறார் அவர். இரு ஆய்வுகளும் ஒரே மௌனத்தையே எதிர்கொண்டன. ஆங்கில ஆய்வாளர் அம்மௌனத்தைப் பெண்ணின் தலைக்குள் தேடினர். பைன் அதனைப் பாடசாலையின் சுவர்களுக்குள் தேடினார். பைனின் நோக்கில் மௌனத்துக்குப் பொறுப்பு நிறுவனத்தினுடையது. முணுமுணுப்பைக் கேட்க மறுத்தது வகுப்பறை. விமர்சன நோக்கில் இதுவே பொருத்தமான வழி. பெண்ணின் கூற்றுக்கு உரிமையாளர் யார் என்று வழக்காடாமல், அக்கூற்றுக்கு இடமளிக்கப்பட்டதா என்று கேட்க அது வழிவகுக்கின்றது.

இங்கிலாந்திலும் அந்த இடம் சட்டத்தாலேயே குறுக்கப்பட்டிருந்தது. 1986ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலியற் கல்வியைப் பாடசாலை ஆளுநர் சபைகளின் விருப்புக்கு விட்டது. 1988இன் இருபத்தெட்டாம் பிரிவு உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ஊக்குவிப்பதைத் தடைசெய்தது. அதன் நிழல் வகுப்பறைகள் மீதும் விழுந்தது. ஸ்கொட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003இலுமே அது நீக்கப்பட்டது. தலைக்குள் இருந்த ஆணுக்குப் பாராளுமன்றத்திலும் ஆசனம் இருந்தது எனலாம். நூல் இச்சூழலை அறியும். எனினும் அதன் கோட்பாட்டில் இதற்குப் போதிய இடமில்லை.

அறிவும் அனுபவமும் பற்றிய வேறுபாட்டின் உண்மையைப் பிற்கால அளவுசார் ஆய்வுகளே உறுதிப்படுத்தின. ஸ்கொட்லாந்தில் 25 பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2002இல் முடிவு வெளியிடப்பட்ட பரிசோதனையில், சிறப்பாக வடிவமைக்கப்பட்ட பாடத்திட்டத்தைக் கற்ற மாணவரின் அறிவு கூடியது. ஆனால் கருத்தடை, பாலுறவு ஆகியன தொடர்பான நடத்தையிற் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. பத்து நாடுகளின் 55 பண்புசார் ஆய்வு வெளியீடுகளை ஒருங்கே தொகுத்து 2016இல் வெளிவந்த கட்டுரையொன்று இன்னும் துலக்கமானது. வெட்கப்படும் ஆசிரியர், வாழ்வோடு ஒட்டாத பாடம் என்பன பற்றிய முறைப்பாடுகளுடன், கலவன் வகுப்பில் நிகழ்வதையும் அது எடுத்துரைக்கின்றது. மாணவர்கள் தமது அறியாமையை மறைப்பதில் முனைகின்றனர். மாணவிகளோ வாய்திறந்தால் தொல்லைக்கு உள்ளாகும் அபாயத்தில் இருக்கின்றனர். அறியாமையை அகற்றவென வகுக்கப்பட்ட பாடவேளை அறியாமையை மறைக்கும் பயிற்சிக்களமாகிறது. நால்வரின் நூல் கண்ட ஆண் இங்கே மீண்டும் தோன்றுகிறான். இம்முறை தலைக்குள் அன்று, கடைசி வாங்கில்.

2017இன் சட்டப்படி 2020 செப்ரெம்பர் முதல் இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகள் அனைத்திலும் உறவுகள் மற்றும் பாலியற் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. பாடத்தின் பெயரில் 'உறவுகள்' முன்னுக்கு வந்தமைக்கு இவ்வாறான ஆய்வுகளும் ஓரளவு வழிசமைத்தன என்று கொள்ளுதல் மிகையாகாது.

நூலின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2018இல் தொடங்கிய புதிய திட்டமொன்றில் றேச்சல் தொம்சனும் வேறு சிலரும் மஞ்செஸ்ரர் நேர்காணல்களை, பேசியோரின் அடையாளம் நீக்கி, ஆவணக் காப்பகத்துக்குரியனவாக ஆக்கினர். அந்நகரின் இன்றைய இளையோர் சிலர் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அக்கூற்றுகளைத் தம் குரலில் வாசித்தனர். அதே வினாக்களை ஒருவரையொருவர் கேட்டும் பார்த்தனர். 1998இன் நூலில் மேற்கோள் துண்டுகளாக, ஆசிரியரின் விளக்கத்துக்கு நடுவே, கிடைத்த பேச்சு இங்கே தயக்கங்களுடனும் சிரிப்புகளுடனும் முழுமையாகக் கிடைக்கின்றது. 'நான் விரும்பினேன்' என்று அன்று சொன்ன பெண்ணின் வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் அவள் வேறென்ன சொன்னாள் என்பதை இனி எவரும் சென்று வாசிக்கலாம்.