அடியிறக்கமும் கருப்பை நீக்கமும்

வயதான பெண்களுக்குக் கருப்பை கீழிறங்கும் அடியிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை என்றாலே கருப்பையை எடுப்பதுதான் என்றாகிவிட்ட வழக்கத்துக்கு, மருத்துவரும் மகனும் மருமகளும் ஒரே குரலில் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: பிள்ளை பெற்று முடிந்தது, மாதவிலக்கும் நின்றுவிட்டது, இனி அந்தப் பை எதற்கு? புளியங்குடியின் எலுமிச்சைத் தோப்புகளில் காய் பொறுக்கியும், திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியும் அறுபதைக் கடந்துவிட்ட பெண்ணிடம் இது கேட்கப்படும்போது, அவர் மறுமொழி சொல்வார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அறுவையால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. உறுப்பு முழுவதும் வெளியே வந்துவிட்ட நான்காம் நிலையில் அது சேலையில் உரசிப் புண்ணாகிறது. சிறுநீர்ப்பையும் கூடவே இறங்கிவிடுவதால், விரலால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாலன்றிச் சிறுநீர் கழிக்க முடிவதில்லை. நாளடைவில் சிறுநீரகமே வீங்கவும் கூடும். இத்தகையோருக்குக் கத்தியைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. வயிற்றைக் கீறாமல் பிறப்புறுப்பு வழியாகவே செய்துவிடலாம் என்பதும், அரசு மருத்துவமனையில் செலவின்றி முடிகிறது என்பதும் சிறிய காரியங்கள் அல்ல.

ஆனால் கருப்பை இறங்குவது கருப்பையின் நோயன்று. பல பேறுகளிலும் நீண்ட பிரசவங்களிலும் தொய்ந்துபோன இடுப்புத் தளத் தசைகள், கருப்பையை இடுப்பெலும்போடு இழுத்துப் பிடிக்கும் நார்கள், மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலியும் திசுக்கள் ஆகிய தாங்கிகள் தளர்வதே நோய். விடாத இருமலும் மலச்சிக்கலும் தலைச்சுமையும் அதை முற்றச் செய்கின்றன. பந்தற்கால் சாய்ந்ததற்குச் சுரைக்காயைப் பறித்தெறிவது போன்றதே, தாங்கியை விட்டுவிட்டுத் தொங்குவதை மட்டும் அகற்றும் சிகிச்சை. கருப்பை போனபின் பிறப்புப் பாதையின் மேல்முனையான முகட்டை நார்களோடு சேர்த்துத் தைத்து நிறுத்தாவிட்டால், அந்த முகடே பின்னர் இறங்கத் தொடங்கும். ஆகவே நோயாளிக்குப் பலன் தருவது அந்தத் தையல்தான்; ஆனால் வீட்டாரிடம் பேசும்போது பெயர் வாங்குவது பையை எடுத்ததே.

எடுப்பதால் கூடுதல் பலன் உண்டா என்பதை நெதர்லாந்து மருத்துவர்கள் நேராகவே சோதித்தார்கள். கருப்பையை அதன் இடத்திலேயே வைத்து நாரோடு தைத்த பெண்களின் நிலை, அதை நீக்கிக்கொண்டவர்களின் நிலையைவிட ஓராண்டுக்குப் பின் மோசமாக இல்லை என்று 2015இல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் முகட்டைத் தைக்கும் இரு முறைகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஐந்தாண்டுக் கணக்கிலோ, இரண்டிலுமே பத்தில் ஆறு பேருக்கு மேல் தோல்வி என்று பதிவாயிற்று. தொல்லை தராத சிறு இறக்கமும் அதில் சேர்த்தி என்றாலும், ஒரே தடவையில் தீர்ந்தது என்ற வாக்குறுதியை அந்தக் கணக்கு தாங்காது.

கருப்பையைக் காக்கும் அறுவை இந்தியாவுக்குப் புதிதும் அன்று. பம்பாயில் மருத்துவர்கள் வி. என். ஷிரோட்கரும் புரந்தரேயும் பட்டைபோல் தாங்கு கட்டி அதை மேலே நிறுத்தும் முறைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்தனர். அவை இளம்பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. காரணம், அவர்கள் இன்னும் பிள்ளை பெறவேண்டியவர்கள். ஓர் உறுப்பின் மதிப்பைப் பேற்றுக் கணக்கை மட்டும் வைத்து நிறுத்துப் பார்த்த இந்த எண்ணமே, கிழவியின் உடலைக் கேள்வியின்றி வெட்டத்தக்கதாக்குகிறது. அவர் கைம்பெண்ணும் ஆகிவிட்டால் தாம்பத்தியம் பற்றிய கேள்வியும் கேட்கப்படாமலே போகிறது. மருத்துவர் லெ ஃபோர் 1877இல் விவரித்த, பிறப்புப் பாதையையே தைத்து மூடும் எளிய அறுவை சில முதியவர்களுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் கேட்காமல் செய்தால் அதுவும் இதே அவமதிப்புதான்.

அறுவைக்கு முன் வைத்துப் பார்க்கவேண்டிய வளையத்தின் பெயரே பலர் காதில் விழுவதில்லை. மடித்து உள்ளே செலுத்தினால் விரிந்து உறுப்பைத் தாங்கும் இந்த வளையம் சில நூறு ரூபாய்க்கும் கிடைப்பது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவவேண்டும், மறந்தால் புண்ணாகும். நெதர்லாந்தில் நடந்து 2022இல் வெளியான ஒப்பீட்டில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வளையத்தோடு தொடங்கியோரில் 76 விழுக்காட்டினரும் அறுவை செய்துகொண்டோரில் 81 விழுக்காட்டினரும் நலம் கண்டதாகக் கூறினர். வளையக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறினர் என்பதும் உண்மையே; எஞ்சியோர் கத்தி படாமலே இருந்தார்கள் என்பதை மட்டும் ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மருத்துவக் காப்பீடோ மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையைச் சுற்றியே அமைந்தது. புறநோயாளியாக வந்து வளையம் மாட்டிக்கொண்டு போகும் பெண்ணால் எந்த மருத்துவமனைக்கும் வருமானம் இல்லை.

அமெரிக்காவில் இறங்கிய உறுப்பைத் தாங்கப் பிறப்புப் பாதை வழியே பொருத்தப்பட்ட வலைகளின் விற்பனை 2019இல் நிறுத்தப்பட்டது, பெண்களின் புகார்கள் பதிவானதைத் தொடர்ந்துதான். இங்கேயோ அறுவையின் வெற்றி வீட்டுக்கு அனுப்பும் நாளோடு எண்ணி முடிக்கப்படுகிறது. மூன்று மாதம் பாரம் தூக்காதே என்று சொல்லி அனுப்பப்படும் கூலிப்பெண் சில வாரங்களில் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றுகிறார். தையல் எப்போது தளர்ந்தது என்பதை எந்தப் பதிவேடும் அறியாது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைக் கட்டுப்படுத்த உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டபோதும் கவலை முதன்மையாக நாற்பதுக்கு உட்பட்ட பெண்களைப் பற்றியே இருந்தது. அது சரியான கவலைதான். அறுபதுக்கு மேல் மட்டும் தேவை தானாகவே நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

கத்தி படாத வழிகளை வீட்டுக்கே கொண்டுபோகவும் வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வந்து பக்கவாதம் வந்தவரின் கைகாலுக்குப் பயிற்சி தருகிறார். ஆரம்ப நிலை இறக்கத்துக்கு இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அதே வருகையில் சொல்லித் தரலாம். வளையத்தை மாட்டவும் கழுவவும் கற்றுத்தருவது, காப்பர்-டி போடப் பழகிய கிராமச் சுகாதாரச் செவிலியருக்குக் கடினமான வேலையே இல்லை.