தந்தைக்கு எட்டாத கவிதை: கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' குறித்து

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் ஆங்கிலத் துறையும் ஒரே புலத்தின்கீழ் இயங்குகின்றன. எனினும் ஆங்கிலத் துறையில் பயின்று, 1997 வரை அங்கேயே விரிவுரையாளராகப் பணியாற்றிய கே.எஸ். மணியம் (1942–2020) நம் தமிழ் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுகிறார். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில்தான் அவருடைய முதல் நாவலான 'தி ரிட்டர்ன்' (1981) நம் கைக்கு வந்தது என்பதை நாணத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. அந்நாவலைத் தமிழாசிரியர் நோக்கில் மறுவாசிப்புச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணியம் பிறந்த கெடா மாநிலத்துப் பீடோங்கே நாவலின் களம். கதைசொல்லியான ரவி தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்படுகிறான், ஆசிரியப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்கிறான், ஆசிரியனாகத் திரும்புகிறான். மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியான தந்தையோ, தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டி, அவ்வீட்டோடு தீயில் மாய்கிறார். ஆங்கிலத் திறனாய்வாளர்கள் பலரும் இதனை நிலத்துக்கான ஏக்கமாகவும் புலம்பெயர்ந்தோரின் வேர்தேடலாகவும் விளக்கியுள்ளனர். அவ்விளக்கம் தவறன்று; ஆயினும் முழுமையானதும் அன்று.

தமிழ் வாசகருக்கு முதலில் புலப்படுவது மொழிச் சிக்கலேயாகும். தந்தையை 'நைனா' என்றும் பாட்டியைப் 'பெரியதாய்' என்றும் மணியம் மொழிபெயர்க்காமலே எழுதுகிறார். அயல் வாசகர்க்கு இவை வெறும் பெயர்கள், நமக்கோ உறவுச்சொற்கள். ஆங்கிலம் கற்ற மகனால் ஆங்கிலமாக்க இயலாது போன சொற்கள் இவை என்பது நோக்கத்தக்கது. இறுதிக் காலத்தில் தந்தை தமிழ், மலாய், சீனச் சொற்கள் விரவிய ஒருவித ஓசையில் ஓதுகிறார். அதைக் கேட்டு மகன் கூச்சமடைகிறான். பித்தின் அடையாளமாகத் தோன்றும் அவ்வோசையே உண்மையில் இம்மண்ணில் வேர்விட முயன்ற ஒரு தலைமுறையின் மொழி எனலாம். நாவல், ரவி தந்தைக்காக எழுதும் ஆங்கிலக் கவிதையோடு முடிகிறது. அக்கவிதை சென்றடைய வேண்டியவர் உயிரோடில்லை. இருந்திருந்தாலும் அதனை வாசித்திருக்க மாட்டார். கல்வி அளித்த பேறும் இழப்பும் இங்கு ஒன்றாகவே நிற்கின்றன.

குறையும் உண்டு. பாத்திரங்களின் தமிழ்ப் பேச்சு ஒரே சீரான ஆங்கிலமாகிவிடுவதால், அதன் ஏற்றத்தாழ்வுகளும் மரியாதை வேறுபாடுகளும் மறைந்துவிடுகின்றன. கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலில் தோட்டத்துப் பேச்சு உயிர்ப்போடு ஒலிக்கிறது. ஒன்றில் உள்ளிருந்து எழும் குரல். மற்றொன்றில் வெளியேறியவனின் குரல். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் நம் வரலாறு முழுமை பெறும்.

மணியத்தின் நாவலைத் தமிழ் இலக்கியம் என நாம் உரிமை கொண்டாடவில்லை. 1971ஆம் ஆண்டுத் தேசியப் பண்பாட்டுக் கொள்கைக்குப் பின், மலாய்மொழிப் படைப்புகளே தேசிய இலக்கியமாகக் கருதப்பட்டன. தமிழில் எழுதியவரும் ஆங்கிலத்தில் எழுதியவரும் ஒருசேர வெளியே நின்றனர். அவ்வாறு நின்றவர்கள் ஒருவரையொருவர் வாசிக்காதிருப்பதே வருந்தத்தக்கது. பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்ப் பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் ரவியின் பாதையையே வேறு வடிவில் கடக்கின்றனர். அவர்தம் ஆசிரியர்கள் இந்நாவலை ஒருமுறையேனும் வாசித்தல் நலம்.