பெயரில்லாத பாக்கி

'மதிப்பீடு' என்ற சொல்லை இலக்கிய விமர்சனத்திலும் பயன்படுத்துகிறோம், கணக்கியலிலும் பயன்படுத்துகிறோம். முன்னதில் அது தீர்ப்பு. பின்னதில், கொஞ்சம் மரியாதையாகச் சொல்லப்பட்ட குத்துமதிப்பு. ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டாவது வகை மதிப்பீடு நிறைய இருக்கிறது. அதன்மேல் முதல் வகை மதிப்பீட்டைச் செய்து பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2018 ஏப்ரலில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்த ஸ்பாட்டிஃபை, அதிலிருந்து ஆண்டுதோறும் 20-எஃப் என்ற படிவத்தில் தன் அறிக்கையைத் தாக்கல் செய்கிறது. யாரும் ரசித்துப் படிப்பார்கள் என்று எழுதப்பட்டதில்லை. ஆனாலும் அது ஒரு பிரதி. அதற்கு ஒரு கதைசொல்லி உண்டு, மனதில் வைத்திருக்கும் வாசகர் உண்டு, சொல்லாமல் விடும் ஆட்களும் உண்டு. நான் எடுத்துக்கொள்வது நிதிக் குறிப்புகளில் வரும் ஒரு சின்னப் பகுதியை மட்டும். இசை உரிமையாளர்களுக்குத் தரவேண்டிய ராயல்டியை எப்படி மதிப்பிடுகிறோம் என்று நிறுவனம் விளக்கும் இடம் அது.

அதன் சாரம் இவ்வளவுதான். ஒப்பந்தங்கள் சிக்கலானவை. சில உரிமையாளர்கள் பேரம் முடியும் முன்பே தங்கள் இசையைப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்கள். சில இடங்களில் சட்டப்படியான விகிதமே இன்னும் முடிவாகவில்லை. சில நாடுகளில் பாடலின் உரிமையாளர் தன் பங்கைக் கேட்டு வரப் பல ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆகவே எவ்வளவு தரவேண்டியிருக்கும், எப்போது என்பதை நிர்வாகம் அனுமானித்து எழுதுகிறது.

இதுல என்ன இருக்கு என்று தோன்றலாம். எண்களைப் பாருங்கள். 2024ல் நிறுவனத்தின் வருவாய் சுமார் 1,567 கோடி யூரோ. அதை ஈட்டுவதற்கான நேரடிச் செலவு சுமார் 1,095 கோடி. அதில் பெரும்பகுதி ராயல்டி. இந்தச் செலவு நூற்றுக்கு ஒன்று பிசகினால் பதினோரு கோடி யூரோ. அந்த ஆண்டின் இயக்க லாபமே 136 கோடிதான். அனுமானம் கொஞ்சம் அசைந்தால் லாபம் நன்றாகவே ஆடும்.

அனுமானிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் இந்தக் கணக்கியல் விதியில் ஓர் அறம் இருக்கிறது. பில் வரவில்லை, தொகை உறுதியில்லை, ஆள்கூட வந்து கேட்கவில்லை. ஆனால் பாட்டு ஓடிவிட்டது, ஆகவே நீ கடன்பட்டுவிட்டாய், எழுது என்கிறது விதி. கைமாத்து வாங்கியவர் தானே நோட்டில் குறித்து வைப்பது மாதிரி. நல்ல பழக்கம்.

என் குறை அந்தப் பகுதியின் இலக்கணத்தில். அங்கே நிச்சயமின்மை எல்லாம் மழை, புயல் மாதிரி தானாக வருகிறது. அதை உண்டாக்கியவர்கள் வாக்கியத்தில் இல்லை.

விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை ராயல்டி வாரியம், பாடலை எழுதியவர்களுக்கும் அவர்களுடைய பதிப்பாளர்களுக்கும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் தரவேண்டிய அடிப்படை விகிதத்தை, வருவாயில் 10.5 சதவீதம் என்பதிலிருந்து படிப்படியாக 2022க்குள் 15.1 சதவீதமாக உயர்த்தியது. 2019ல் ஸ்பாட்டிஃபை, அமேசான், கூகுள், பண்டோரா ஆகியவை மேல்முறையீட்டுக்குப் போயின. 2020 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்து திருப்பி அனுப்பியது. வாரியம் மறுபடி விசாரித்து அதே 15.1 சதவீதத்துக்கு வந்தது. இறுதி முடிவு 2023 ஆகஸ்டில். 2018ன் தொடக்கத்தில் ஓடிய ஒரு பாட்டுக்கு என்ன விகிதம் என்பது தீர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வழக்கைப் பற்றி அறிக்கையின் வேறு பக்கங்களில் பேச்சு உண்டு. ஆனால் மதிப்பீட்டைப் பேசும் இந்த இடத்தில், விகிதம் 'தீர்மானிக்கப்பட்டு வருகிறது', அவ்வளவுதான். செயப்பாட்டு வினைக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

அடுத்தது, பெயர். நாம் ஒரு பாட்டு என்று சொல்வதில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவு ஒன்று, அதற்கு அடியில் இருக்கும் வரியும் மெட்டும் இன்னொன்று. ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற எண், பாடலுக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற வேறோர் எண். எது எதோடு சேரும் என்ற தகவல் பல சமயம் வந்து சேர்வதே இல்லை. நான் மென்பொருள்காரன். பொது எண் இல்லாத இரண்டு அட்டவணைகளைப் பெயரை மட்டும் வைத்து இணைப்பது என்ன பாடு என்று தெரியும். ஒரே தலைப்பில் நூறு பாட்டு இருக்கும், ஒரே ஆளுக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். பொருந்தாத வரிசைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு நிரல் தன் வேலையைத் தொடரும்.

அந்த ஓரத்தில் இருந்தவர்கள் மனிதர்கள். 2015 டிசம்பரில் கிராக்கர் குழுவின் டேவிட் லோவரி, உரிமம் பெறாமல் தன் பாடல்களை ஓடவிட்டதாக ஸ்பாட்டிஃபை மீது வழக்குப் போட்டார். மெலிஸா ஃபெரிக்கின் வழக்கோடு சேர்ந்து அது 2017ல் 4.345 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. 2018ல் அமெரிக்கா இசை நவீனமயமாக்கல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் அமைப்பிடம் 2021 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் சுமார் 42.4 கோடி டாலரை ஒப்படைத்தன. அத்தனையும் உரியவர் யாரென்று பொருத்தப்படாமல் கிடந்த பழைய ராயல்டி.

இங்கேதான் அந்த மதிப்பீடு யாருக்காகச் செய்யப்படுகிறது என்று தெரிகிறது. நிறுவனத்துக்கு நிச்சயமின்மை ஓர் எண். தணிக்கையாளர் அதைச் சோதிப்பார், முதலீட்டாளருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகும், பிசகினால் அடுத்த காலாண்டில் திருத்திக்கொள்ளலாம். பாட்டு எழுதியவருக்கு அதே நிச்சயமின்மை ஓர் எண்ணாகக்கூட வந்து சேர்வதில்லை. 'எனக்கு உத்தேசமா இவ்வளவு வரணும்' என்று அவர் எந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வது?

இதையும் நல்ல காலம் என்று சொல்லவைக்கும் ஒரு மாற்றம் பிறகு வந்தது. 2024 தொடக்கத்திலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஓடாத ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கிடையாது. அந்தப் பணம் நிறுவனத்தின் பைக்குப் போவதில்லை, மற்ற ஒலிப்பதிவுகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அத்தகைய சில்லறைத் தொகைகள் எப்படியும் கலைஞர் கைக்குப் போகாமல் வழியிலேயே தேங்குகின்றன என்பது நிறுவனத்தின் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பெயர் தெரியாத பாக்கியும் பாக்கிதான், கணக்கில் அதற்கு ஓர் இடம் உண்டு. 999 முறை ஓடியதற்குப் பாக்கியே இல்லை. மதிப்பிட வேண்டிய தொல்லையும் இல்லை.

என் தீர்ப்பு இதுதான்: அந்தப் பகுதி பொய் சொல்லவில்லை, ஆனால் ஒரு பக்கத்து வாசகரிடம் மட்டும் உண்மை பேசுகிறது. இதற்குச் சான்று அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பாட்டிஃபைக்கு மற்றவர்கள் தரவேண்டிய வர்த்தகப் பாக்கிக்கு அங்கே ஓர் அட்டவணை உண்டு. கெடு தாண்டி 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கும் மேல் என்று வயது வாரியாகப் பிரித்திருப்பார்கள். பொருத்தப்படாமல் கிடக்கும் ராயல்டிக்கு அப்படியோர் அட்டவணை இல்லை. எவ்வளவு தொகைக்கு ஆள் தெரியாது, எத்தனை வருஷமாகத் தெரியாது என்று இரண்டு நிரல் போட்டால் போதும். வரவேண்டியதன் வயதை நாள் கணக்கில் எண்ணத் தெரிந்தவர்களுக்கு, தரவேண்டியதன் வயதை வருஷக் கணக்கிலாவது எண்ண முடியாதா?