டன் கணக்கு சரி, வெட்டு?

மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு வடிவத்தை வெட்டியெடுக்க எத்தனை டன் பிரஸ் வேண்டும் என்று டை (வெட்டு அச்சு) செய்கிறவரிடம் கேட்டால், விடை நொடியில் வரும். வெட்டுக்கோட்டின் நீளம், ஷீட்டின் தடிமன், பொருளின் வெட்டு வலிமை: மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். 0.5 மி.மீ. பாலிபுரோப்பிலீன் ஷீட்டில் 50 மி.மீ. விட்டமுள்ள வட்டம் என்றால் சுற்றளவு 157 மி.மீ. வெட்டு வலிமையைச் சதுர மி.மீட்டருக்கு 35 நியூட்டன் என்று வைத்தால் விசை சுமார் 2,750 நியூட்டன், அதாவது 280 கிலோ. ஒரே அடியில் 12 வட்டம் என்றால் ஏறக்குறைய 3.4 டன். 5 டன் பிரஸ் போதும்.

பிரஸ் வாங்குவதற்கு இதைவிடப் பெரிய கணக்கு தேவையில்லை. மேலிருந்து இறங்கி வெட்டும் பஞ்ச் என்ற பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஷீட்டைக் கழற்றும் விசையும் மிச்சமுள்ள 1.6 டன்னில் அடங்கிவிடும்.

சிக்கல் அந்த 35-இல் இருக்கிறது. வெட்டு வலிமையை அளக்கும் அமெரிக்கத் தர முறையான ஏஎஸ்டிஎம் டி732-இல் பஞ்ச் நிமிடத்துக்குச் சுமார் 1.25 மி.மீ. வேகத்தில்தான் இறங்கும். பவர் பிரஸ்ஸோ அதே தடிமனைக் கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் விறைக்கும்; சூடு கூடினால் இளகும். காலையில் ஓட்டும் ஷீட்டும் மதிய வெக்கையில் ஓட்டும் ஷீட்டும் ஒன்றல்ல. இழுவிசை வலிமையில் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்வது எஃகுக்குப் பழகிய கை செய்யும் வேலை. பிளாஸ்டிக்கில் அதை நம்ப முடியாது.

எஃகுத் தகட்டில் பஞ்ச் பாதி தூரம் போவதற்குள் விரிசல் ஓடி மிச்சம் தானே பிரிந்துவிடும். பாலிபுரோப்பிலீன் அப்படி விடாது. பஞ்சுக்கும் டைக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் நூலாக நீளும். விளிம்பில் மயிர்போல் தொங்கும் பிசிறு அங்கேதான் பிறக்கிறது. விசை எவ்வளவு இருந்தாலும் அது போகாது. சூத்திரத்தில் இடைவெளி என்றொரு உறுப்பே இல்லை.

பஞ்ச் இல்லாமல் கத்தி விளிம்பாலேயே வெட்டும் பட்டைக் கத்தி டைக்கு இந்தச் சூத்திரத்தைப் போடுவது அதைவிட மோசம். அங்கே நடப்பது ஆப்பு பிளப்பதுபோன்ற வேலை. விசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கத்தியின் கூர். அது மழுங்க மழுங்க, அதே ஷீட்டுக்கே டன் ஏறும்.

0.1 மி.மீ. ஷீட் என்றால் விசை ஐந்தில் ஒரு பங்காகிவிடும், கையால் இயக்கும் பிரஸ்ஸே போதும் என்கிறது கணக்கு. உண்மைதான். ஆனால் பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி சில மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். பிரஸ்ஸில் மிச்சமான பணம் டையில் போய்விடும்.