விளிம்பும் மையமும்: மூன்று திரைப்படங்கள் பற்றிய சில குறிப்புகள்

1

சமுதாயத்தின் விளிம்பிலே வாழும் மக்களைப் பற்றிய திரைப்படங்கள் இன்று அரியனவல்ல. சேரிவாழ் மக்கள், தெருச் சிறுவர், பிச்சைக்காரர், விலைமாதர் ஆகியோரைச் சித்திரிக்கும் படங்கள் சர்வதேச விழாக்களிலே பரிசுகளும் பெறுகின்றன. அவற்றைப் பாராட்டும் விமர்சகர்கள் பெரும்பாலும் 'மனிதாபிமானம்' என்ற சொல்லோடு அமைதியடைந்து விடுகின்றனர். மனிதாபிமானம் விமர்சனத்தின் தொடக்கமாக இருக்கலாமேயன்றி முடிவாக இருத்தல் இயலாது. இரக்கத்தைத் தூண்டுவது ஒன்று. இரங்கத்தக்க நிலைமை எவ்வாறு தோன்றிற்று என்பதை உணர்த்துவது மற்றொன்று.

'விளிம்பு' என்னும் சொல்லும் மயக்கந் தருவதே. சமுதாயத்துக்கு வெளியே, தற்செயலாக ஒதுங்கிப்போன சிலர் வாழும் இடம் என்ற எண்ணத்தை அது தோற்றுவிக்கிறது. முதலாளித்துவ உற்பத்திமுறை வேலையற்றோரின் சேமப்படையொன்றைத் தானே உருவாக்கி, வேண்டும்போது உள்ளே இழுத்தும் வேண்டாதபோது வெளியே தள்ளியும் வருகிறது என்பதை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்திலே (1867) விளக்கினார். அவ்வகையில் நோக்கினால், விளிம்பு என்பது மையத்தின் உற்பத்தியேயாகும். அதே வேளை, உதிரிப் பாட்டாளிகள் பிற்போக்குச் சக்திகளின் கருவியாக மாறக்கூடும் என்று மார்க்சும் ஏங்கல்சும் 1848இலேயே எச்சரித்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இவ்விரு கருத்துக்களையும் ஒருங்கே கொண்டு மூன்று படங்களை நோக்குவோம்.

2

விற்றோரியோ டி சிக்காவின் 'துவிச்சக்கரவண்டித் திருடர்' (1948) யுத்தத்துக்குப் பிந்திய ரோம் நகரிலே நிகழ்வது. நெடுநாள் வேலையின்றியிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குத் துவிச்சக்கரவண்டி வேண்டும். வண்டியோ அடைவிலே இருக்கிறது. மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புக்களை அடைவு வைத்து அதனை மீட்கிறாள். அடைவுகடைப் பணியாளன் அவ்விரிப்புப் பொதியை எடுத்துக்கொண்டு தட்டுக்களின் மேலே ஏறுகிறான். கூரையை எட்டும்வரை அத்தகைய பொதிகளே அடுக்கப்பட்டிருப்பதை அப்பொழுது காண்கிறோம். ஒரு குடும்பத்தின் கதை ஒரு வர்க்கத்தின் கதையாக விரிவதற்கு இங்கு வசனம் எதுவும் தேவைப்படவில்லை. ஏங்கல்ஸ் யதார்த்தவாதத்துக்கு வேண்டியதெனக் கூறிய வகைமாதிரியான சூழ்நிலை என்பது இதுவே.

வேலை தொடங்கிய முதல் நாளிலே, ஹொலிவூட் நடிகையொருத்தியின் படம் பொறித்த சுவரொட்டியை அந்தோனியோ ஒட்டிக்கொண்டிருக்கும்போது வண்டி களவாடப்படுகிறது. களவாடியவனும் வறியவனே. படத்தின் இறுதியில் அந்தோனியோ தானே ஒரு வண்டியைத் திருட முயன்று, மகன் கண்முன்னே அகப்பட்டு அவமானப்படுகிறான். படத்தின் பெயர் பன்மையில் அமைந்தமை காரணத்தோடுதான். தொழிலாளியும் திருடனும் இருவேறு மனித இனத்தவர் அல்லர் என்பதை அது உணர்த்துகிறது.

இப்படத்துக்குப் புறத்தே நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அந்தோனியோவாக நடித்த லம்பேர்ட்டோ மாஜியோரானி தொழில்முறை நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி. படம் முடிந்ததும் ஆலைக்குத் திரும்பிய அவர், ஆட்குறைப்பின்போது வேலையிழந்தார். வேலையற்றவனாக நடித்துப் புகழ்பெற்றவர் வேலையற்றவரானார்.

3

டி சிக்காவின் படத்தில் வறுமைக்குள்ளும் ஒரு கண்ணியம் எஞ்சியிருக்கிறது. அந்த ஆறுதலையும் மறுத்த படம் லூயிஸ் புனுவேல் மெக்சிக்கோவிலே உருவாக்கிய 'மறக்கப்பட்டோர்' (1950). நியூயோர்க், பாரிஸ், லண்டன் முதலிய மாநகரங்கள் யாவும் தம் மாளிகைகளின் பின்னே வறுமையை மறைத்து வைத்திருக்கின்றன என்ற முன்னுரையுடன் படம் தொடங்குகிறது. இங்கு வறியவர் நல்லவராக இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. சிறுவர்கள் குருடனைத் தாக்குகின்றனர். காலற்றவனைச் சிறுவண்டியிலிருந்து தள்ளிக் கொள்ளையிடுகின்றனர். தாக்கப்பட்ட குருடனும் இரக்கத்துக்குரியவனாகக் காட்டப்படவில்லை. சர்வாதிகாரி போர்பிரியோ தியாஸின் காலத்தை எண்ணி ஏங்குபவன் அவன்.

சீர்திருத்தப் பாடசாலையிலிருந்து தப்பிவந்த ஹைபோ, தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்ற சந்தேகத்தில் ஹூலியானைக் கொல்கிறான். ஹூலியான், குடிகாரத் தந்தையையும் குடும்பத்தையும் தன் உழைப்பால் தாங்கும் இளைஞன். அந்தக் கூட்டத்திலே தொழிலாளி என்று சொல்லத்தக்கவன். உதிரிப் பாட்டாளியின் கையால் தொழிலாளி மடிகிறான். கொலை நிகழும் வெளியின் தொலைவிலே, கட்டிமுடியாத பெருங்கட்டடமொன்றின் எலும்புக்கூடு நிமிர்ந்து நிற்கிறது. நகரம் வளர்வதும் இச்சிறுவர் அழிவதும் ஒரே சட்டகத்துள் வைக்கப்பட்டுள்ளன. இவ்விடத்தில் புனுவேல் விளிம்பைத் தனியே காட்டவில்லை. விளிம்புக்கும் மையத்துக்குமிடையிலான உறவைக் காட்டுகிறார்.

தாயின் அன்புக்கு ஏங்கும் பெத்ரோவை அரசாங்கத்தின் பண்ணைப் பாடசாலை அதிபர் நம்புகிறார். ஐம்பது பெஸோ கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். சிறுவன் அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையவனே. வெளியே காத்திருக்கும் ஹைபோ பணத்தைப் பறித்துக்கொள்கிறான். தனிமனிதரின் நல்லெண்ணம் பாடசாலையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. ஈற்றில் பெத்ரோ கொல்லப்பட்டு, அவனது உடல் குப்பைமேட்டிலே எறியப்படுகிறது. அப்பண்ணையிலே கோபங்கொண்ட பெத்ரோ ஒரு முட்டையை நேரே ஒளிப்படக்கருவியின் கண்மீது எறியும் கணமும் மறக்கற்பாலதன்று. பார்த்து இரங்குவதற்கு வந்தவரின் முகத்தில் அது விழுகிறது.

மெக்சிக்கோவிலே இப்படம் தேசத்தை இழிவுபடுத்துவதாகக் கண்டிக்கப்பட்டு, சில நாட்களிலேயே திரையரங்கிலிருந்து அகற்றப்பட்டது. 1951இல் கான் விழாவிலே நெறியாள்கைக்கான பரிசு கிடைத்த பின்னரே அங்கு அதன் மதிப்பு மாறிற்று. 2003இல் யுனெஸ்கோ அதனை 'உலகின் நினைவு'ப் பதிவேட்டிற் சேர்த்தது.

4

ஹெக்டர் பபென்கோவின் 'பிஷோட்டே' (1980) புனுவேலின் வழியிலே வந்தது. பிரேசிலின் இராணுவ ஆட்சிக் காலத்தில் (1964–1985) உருவானது. அதன் முற்பகுதி வலிமையானது. சிறுவரைத் திருத்துவதற்கென அமைந்த நிறுவனமே அவர்களை வதைத்துக் கொல்வதையும், கொலைகளை மூடிமறைப்பதையும் அது அச்சமின்றிக் காட்டுகிறது. சிறுவர்கள் தப்பியோடியபின் வரும் பிற்பகுதியில், திருட்டு, போதைப்பொருள், விபசாரம், கொலை என்று நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றைப் பிணைக்கும் சமுதாய உறவு நெறியாளர் தொடக்கத்திலே தாமே தோன்றி ஆற்றும் உரையில் இருக்கிறதேயன்றிக் கதையின் இயக்கத்தில் இல்லை. யதார்த்தவாதம் இயற்பண்புவாதமாகச் சுருங்குவது இவ்வாறுதான். அடைவுகடைத் தட்டுக்களோ, கட்டடத்தின் எலும்புக்கூடோ இங்கு இல்லை.

எனினும் இப்படத்தின் வரலாறு திரையோடு முடிந்துவிடவில்லை. பிஷோட்டேயாக நடித்த பெர்னாண்டோ ராமோஸ் த சில்வா, சாவோ போலோ அருகேயுள்ள வறிய குடியிருப்பிலிருந்து வந்த சிறுவன். உலகெங்கும் அச்சிறுமுகம் வியந்து போற்றப்பட்டது. நடிப்புத்துறையிலே அவனால் நிலைகொள்ள முடியவில்லை. பழைய சூழலுக்கே மீண்டான். 1987 ஆகஸ்டில், 19ஆவது வயதில், பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டான்.

5

மாஜியோரானியின் வேலையிழப்பையும் பெர்னாண்டோவின் மரணத்தையும் நெறியாளர்களின் தனிப்பட்ட குற்றங்களாகக் கொள்வது பொருந்தாது. திரைப்படமும் ஓர் உற்பத்தியே. விளிம்பிலிருந்து வரும் நடிகன் சிலநாட் கூலியைப் பெறுகிறான். அவனது முகமோ ஆண்டுக்கணக்கில் விற்பனையாகிறது. விளிம்பு எவ்வாறு உருவாகிறது என்பதைக் காட்டும் கலையே அவ்வுறவின் பிடியிலிருந்து விடுபட்டதன்று. ஆகவே இத்தகைய படங்களை மதிப்பிடும்போது, துன்பம் எத்துணை உருக்கமாகக் காட்டப்பட்டது என்பதிலும், அத்துன்பத்தை விளைவிக்கும் உறவு புலப்படுத்தப்பட்டதா என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். படப்பிடிப்பு முடிந்தபின் அம்மனிதர் எங்கே சென்றனர் என்ற கேள்வியும் விமர்சனத்துக்கு அந்நியமானதன்று.

புனுவேலின் முன்னுரை, இப்பிரச்சினைக்கான தீர்வைச் சமுதாயத்தின் முற்போக்குச் சக்திகளிடமே விட்டுவிடுவதாகக் கூறுகிறது. தணிக்கைக்கு அஞ்சிச் சேர்த்த வாசகம் என்று அதனை ஒதுக்குவோர் உளர். ஆயினும் கலை தன்னால் இயலாததை ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது. பெர்னாண்டோவைப் போற்றியோருள் முற்போக்காளரும் இருந்தனர். நாமும் அவர்களுள் அடங்குவோம். அவனைக் காப்பாற்ற அப்போற்றுதல் போதுமானதாக இருக்கவில்லை.