கொய்யாவின் முதல் கிளை

காவிரிக் கரை ஊர்களில் பழைய வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் நேரே கொல்லைக்குப் போய்விடுவேன். திண்ணையும் கூடமும் கொத்தனார் கைவேலை. கொல்லை அந்த வீட்டுப் பெண்களின் கைவேலை. காய்கறிக்கு ஓரிடம், பிள்ளைகளுக்கு ஓரிடம் என்று அதில் கோடு கிழித்திருக்க மாட்டார்கள். காய்க்கிற இடத்திலேயே விளையாட்டும் நடக்கும்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும். கிணற்றடியில் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் சின்ன வாய்க்காலாக இறங்கி வாழைக்குப் போகும், மிச்சம் சேம்புக்கு. ஈரமெல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிடுவதால் மறுபக்கம் தரை கெட்டியாகக் காய்ந்து கிடக்கும். பாண்டிக்குக் கட்டம் போட, பம்பரம் விட, கோலிக்குழி தோண்ட அதைவிட வாகான தரை கிடையாது.

அப்புறம் வெயில். கிழக்கைத் திறந்து விட்டிருப்பார்கள். கத்தரியும் வெண்டையும் காலை வெயிலை முழுசாக வாங்கிக்கொள்ளும். மாமரம் மேற்கு வேலியோரம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்துக்கு அதன் நிழல் கொல்லை நடுவுக்கு வந்திருக்கும். கன்று நட்ட அன்றைக்கே இதைக் கணக்குப் பார்த்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புத்தான்.

ஆனால் என் மனம் நிற்பது கொய்யாவிடம். ஏறிப் பழக அதைப் போல ஒரு மரம் இல்லை. பட்டை தானே செதில் செதிலாக உரிந்து, அடியில் பச்சையும் பழுப்புமாக வழவழவென்று தெரியும், முழங்காலைச் சிராய்க்காது. கிளை வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. விவரம் தெரிந்தவர்கள் கன்று இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். பக்கவாட்டில் மூன்று நான்கு கிளை பிரியும். காய் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். அதிலேயே ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கால் வைக்க முதல் படி கிடைத்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முருங்கைக்குக் கொல்லைக் கோடிதான் இடம். கிளை மடக்கென்று ஒடியும். மழைக்காலத்தில் அடிமரமெல்லாம் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும், மேலே பட்டால் அரிப்பும் தடிப்பும். வேதாளம் ஏறுகிற மரம் என்ற கதை எத்தனை பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்தியிருக்குமோ! தென்னைக்கு அடியில் விளையாட்டு ஆகாது. அரளியை உள்ளே விடவே கூடாது, செடி முழுக்க விஷம்.

பந்தல் இல்லாமல் எனக்குக் கொல்லை நிறையாது. ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி, தையில் பந்தல் கொள்ளாமல் காய்க்கும். அது ஓய்கிற சமயத்தில் தைப்பட்டத்துப் புடலை ஏறிக் கோடைக்கும் கூரையாகிவிடும். பெரியவர்கள் நிமிர்ந்து நின்று பறிக்க ஆறடி உயரத்தில் போட்ட பந்தல், சொப்பு வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்குகிறவர்களுக்கு ஒரு தனி வீடு. பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்குவதற்குப் புடலை நுனியில் சின்னக் கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். கல் பொறுக்கி வருகிற வேலை அந்தப் பந்தல் வீட்டுப் பிள்ளைகளுடையது. கனமான கல்லாக இருந்தால் பிஞ்சு அறுந்துவிடும் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள்.

இப்போது கட்டுகிற வீடுகளில் பின்பக்கம் முழுக்க சிமென்ட் கல் பாவி, ஒரு மூலையில் பிளாஸ்டிக் சறுக்குமரமும் இன்னொரு மூலையில் நாலு தொட்டியும் வைப்பதைப் பார்க்கையில் மனசு ஆறவில்லை. ஒரு சென்ட் இடம் இருந்தாலும் கொய்யா ஒன்று, பந்தல் ஒன்று, கொஞ்சம் வெறுந்தரை அடங்கும். அடுக்களை வாசலுக்கு நேரே உயரமாக எதையும் வைக்க வேண்டாம். அடுப்படியிலிருந்து பார்த்தால் பிள்ளை தெரிய வேண்டும். அந்த வாசலுக்கு நேரே பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பாத்தி கட்டிக் கொடுக்கலாம். வெந்தயக்கீரை மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை பிள்ளை சும்மா இருக்காது, கிழங்கு வைத்துவிட்டதா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கும். அதற்காகவே பத்து விதை கூடுதலாக ஊன்ற வேண்டும்.