யாரிடம் ஒப்புக்கொள்வது?

குற்றம் புரிந்தவன், "ஆம், புரிந்தேன்" என்று கூறுவது அரிது. பட்டமும் பதவியும் பெற்று, பலர் பணியும் நிலையில் உள்ளவன் அவ்வாறு கூறுவது அரிதினும் அரிது. அத்தகைய செயலைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தவர் அகஸ்டின். இன்றைய அல்ஜீரியாவில், தகாஸ்தே என்னும் ஊரில் 354இல் பிறந்தவர். ஈப்போ நகரின் ஆயராக அமர்ந்தபின், 397க்கும் 400க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், இலத்தீன் மொழியில் 13 பகுதிகளாக அவர் எழுதிய நூல் 'ஒப்புதல்கள்'. கிறித்தவத்தில் பாவ அறிக்கையும் திருமுழுக்கும் எப்பொருளில் வழங்குகின்றன என்று அறிய விழையும் இளைஞர், இந்நூலைக் கையிலெடுப்பது நன்று. நம்பாதவரும் நாணாது படிக்கலாம். நான் படித்தேன், வியப்போடு திறந்தேன், வருத்தத்தோடு மூடினேன்.

ஞானஸ்நானம் என்று வழங்கும் திருமுழுக்கின் பொருள் யாது? பழைய மனிதன் நீரில் மாள்கிறான். புதிய மனிதன் எழுகிறான். அதுவரை செய்த பாவங்கள் அனைத்தும் நீங்குகின்றன என்பது திருச்சபையின் கோட்பாடு. சிறுவன் அகஸ்டின் கடும் நோயுற்றபோது முழுக்கு வேண்டினான். தாய் மோனிக்கா ஏற்பாடு செய்தாள். நோய் தணிந்தது, முழுக்கும் தள்ளிப் போடப்பட்டது! காரணம் என்ன? முழுக்குக்குப்பின் செய்யும் பாவம் பெரும்பாவமாம். வாலிபம் வரட்டும், ஆட்டம் அடங்கட்டும், பிறகு கழுவிக்கொள்ளலாம் என்ற எண்ணம். அறத்தைக் கணக்குப் புத்தகமாக்கினால் வரவு செலவு பார்ப்பார்களன்றி, வாழ்வைத் திருத்தவா முனைவார்கள்? அந்தத் தாமதம் தனக்கு நலமாயிற்றா என்று அகஸ்டினே பின்னாளில் ஐயுற்று வினவுகிறார். அந்த நேர்மையைப் போற்றத்தான் வேண்டும்.

மற்றொரு நிகழ்ச்சி. அவருடைய உயிர்நண்பன் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, அவன் அறியாமலே முழுக்களித்தனர். கண் விழித்தவனிடம் அகஸ்டின் அதைக் கேலி பேசினார். அவனும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவனோ பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, நட்பு நிலைக்க வேண்டுமாயின் இப்பேச்சை நிறுத்துக என்றான். சில நாட்களில் காய்ச்சல் மீண்டது, இறந்தான். நண்பனை மாற்றியது நீர் என்பார் பக்தர். நீர் பட்டபோது அவனுக்கு நினைவே இல்லையே! விழித்தபின் அவன் உள்ளம் எடுத்த முடிவன்றோ அவனை மாற்றியது? அகஸ்டின் தரும் சான்றே நம் பக்கம் பேசுகிறது.

இலத்தீனில் ஒப்புதலைக் குறிக்கும் சொல் குற்றத்தை ஏற்றல், நம்பிக்கையை அறிவித்தல், இறைவனைப் போற்றல் ஆகிய மூன்றையும் தழுவுவது. இரண்டாவது பொருளுக்கு விளக்கம் விக்டோரினஸ். ரோமாபுரி சிலை எடுத்துச் சிறப்பித்த நாவலர், உள்ளத்தால் கிறித்தவர், ஊராருக்கு அஞ்சி மறைந்திருந்தார். இறுதியில், தனியே அறிக்கையிடும் சலுகையையும் மறுத்து, மக்கள்முன் நின்று முழங்கினார். மேடையில் பகுத்தறிவு பேசி, மனையில் சாதகம் பார்க்கும் நம் தோழர் சிலர் அந்தக் கிறித்தவரிடம் பாடம் கேட்கலாம். வெட்கமில்லை!

387இல் மிலான் நகரில், ஆயர் அம்புரோசின் கையால், அகஸ்டின் முழுக்குப் பெற்றார். உடன் பெற்றவர் இருவர்: நண்பர் அலிப்பியஸ், மகன் அதியோதாத்து. மகனா? ஆம். தாய் எங்கே? இங்கேதான் என் நெஞ்சு நூலோடு மோதுகிறது.

பதினைந்து ஆண்டளவு அவரோடு வாழ்ந்தவள் அவள். உயர்குலத் திருமணத்துக்கு இடையூறு என்று ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். வேறோர் ஆடவனை நாடேன் என்று உறுதி கூறி, பெற்ற பிள்ளையை விட்டுச் சென்றாள். மணம் பேசப்பட்ட பெண்ணோ மணவயதுக்கு இரண்டாண்டு குறைந்த சிறுமி. காத்திருக்க இயலாத அகஸ்டின் மற்றொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். தம் இதயம் கிழிந்து குருதி கசிந்ததென எழுதுகிறார். அவளது உறுதி தமக்கில்லை என்றும் ஒப்புகிறார். ஆனால் அவள் பெயர்? நூல் முழுதும் தேடினாலும் கிடைக்காது. அவளிடம் மன்னிப்பு வேண்டும் சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. பதினாறு வயதில் பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிந்ததற்குப் பக்கம் பக்கமாகக் கலங்கியவர், வாழ்விழந்தவளுக்கு ஒதுக்கியது சில வரிகள்!

என் வகுப்பில் ஒரு சிறுவன் அடுத்தவன் பேனாவை எடுத்துவிட்டான். மாலையில் என்னிடம் வந்து, "தெரியாமல் செய்துவிட்டேன் ஐயா" என்று அழுதான். "பேனா என்னுடையதன்று, தம்பி. உரியவனிடம் கொடு, அவனிடம் சொல்" என்றேன். கண்ணீரை விட அந்தப் பத்தடி நடைதான் அவனுக்குக் கடினமாயிருந்தது. ஆயினும் நடந்தான்.

இது நாத்திகர் வகுத்த அளவுகோல் மட்டுமன்று. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் முதலில் சென்று சமாதானம் ஆகு என்பது இயேசுவின் மலைப்பொழிவு. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றவன் சகேயு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்க என 1215இல் இலாத்தரன் சங்கம் விதித்தது. களவாடியதைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் திருச்சபையின் போதனைதான். எனினும், குருவின் செவி எளிதில் எட்டும். வஞ்சிக்கப்பட்டவரின் வாசல் தொலைவு. மனிதன் எளியதையே நாடுகிறான். மாமாங்கக் குளத்தில் மூழ்கி எழுபவனும் அவ்வாறே!

தோழர்களே, அகஸ்டினைப் படியுங்கள். குற்றத்தை மறைக்காத துணிவை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் நடக்காத பத்தடியை நீங்கள் நடவுங்கள். நாம் வதைத்த மனைவி, நாம் தாழ்த்திய அயலான், நாம் ஏய்த்த உழைப்பாளி ஆகியோரின் வாசலில் நின்று, அவரவர் பெயரைச் சொல்லி, "தவறிழைத்தேன், ஈடு செய்ய வந்தேன்" என்று கூறும் நாள்தான் நம் முழுக்கு நாள். அதற்கு ஆறும் வேண்டா, குளமும் வேண்டா.